சர்ஃப் போர்ட் வாடகைக் கடைக்கு ஸ்பானிஷ்: ஆன்கி அப் எப்படி?

ஸ்பானிஷ் சொல் படிக்க ஆன்கி அப் எப்படி என்று பொட்டுவில் பொடியன்கள் சிலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். இங்கே அறுகம்பேயில் சர்ஃபிங் சீசனுக்கு வருகிறவர்களில் ஸ்பெயின்காரரும் தென்னமெரிக்காக்காரரும் இருக்கிறார்கள். அனேகர் இங்கிலிஷில் சமாளித்துவிடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போர்ட் தெரிவு செய்கிற நேரம் "இது அகலம், அது தடிப்பு" என்று அவர்களுடைய மொழியில் ஒரு சொல் விழுந்தால் முகம் மலர்ந்துவிடும், பேரமும் இலகுவாகப் போகும். அதற்காக வடிவம், அளவு சொல்கிற சொற்களை மட்டும் ஆன்கி அப்பில் போட்டுப் படித்துப் பார்த்தேன்.

ஆன்கி ஒரு கார்ட் அடுக்கு, அவ்வளவுதான். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. தெரிந்த கார்டைத் தள்ளித் தள்ளி நாள் கழித்துக் காட்டும், மறந்ததை உடனே திரும்பக் கொண்டுவரும். ஆன்ட்ராய்டில் ஆன்கிட்ரொயிட் என்று தேடுங்கள், முற்றிலும் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, டேட்டா இல்லாமலும் ஓடும். கம்ப்யூட்டரிலும் இலவசம். ஐபோன்காரருக்குத்தான் அடி, கிட்டத்தட்ட 25 டொலர்.

மற்றவர்கள் செய்து பகிர்ந்த ரெடிமேட் அடுக்குகளும் கிடைக்கும், ஆனால் அவற்றை நம்பி இருக்க வேண்டாம். வட்டம், முக்கோணம், அறுகோணம் என்று பள்ளிக்கூடக் கணிதக் கொப்பி மாதிரித் தொடங்குபவைதான் அதிகம். அறுகோணத்தை வைத்துக்கொண்டு அறுகம்பேயில் என்ன செய்வது? எங்களுக்கு வேண்டியது நீளம், கட்டை, அகலம், ஒடுக்கம், தடிப்பு, மெல்லிசு. இவற்றை எதிர்ச்சொல்லோடு சோடி சோடியாக நீங்களே கார்டாகச் செய்யுங்கள், அரை மணித்தியால வேலை.

செய்யும்போது தனிச் சொல்லைப் போடாதீர்கள், பொருளோடு சேர்த்துப் போடுங்கள், இதுதான் முக்கியம். ஸ்பானிஷில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, அளவுச் சொல்லும் அதோடு சேர்ந்து மாறும், அதுவும் பெரும்பாலும் பொருளுக்குப் பின்னால்தான் வரும். சர்ஃப் போர்ட் "தாப்லா", பெண்பால். ஆகவே நீளப் போர்ட் "தாப்லா லார்கா", கட்டைப் போர்ட் "தாப்லா கோர்த்தா", அகலம் "ஆன்சா", தடிப்பு "குருவேசா". வட்ட மேசை "மேசா ரெதோந்தா", ஆனால் தட்டு ஆண்பால் என்பதால் "பிளாத்தோ ரெதோந்தோ". பெரியது என்கிற "கிராந்தே" இரண்டு பாலுக்கும் மாறாது, அது நிம்மதி. "லார்கோ" என்பதை இங்கிலிஷ் லார்ஜ் என்று நினைத்துவிடாதீர்கள், அது நீளம்.

அப்புறம், கார்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்கவே வேண்டாம். கட்டை என்கிற சொல்லும் குண்டு என்கிற சொல்லும் தமிழில் எழுதினால் கோர்த்தோ, கோர்தோ என்று கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் நிற்கும். முதலாவதில் தொடக்கம் காகத்தின் க, இரண்டாவதில் கங்கையில் முதலில் வருகிற க. உயரம் குறைந்த ஒரு போர்டைக் காட்டும்போது இரண்டாவது சொல் வாயில் வந்தால் வாங்க வந்தவர் குனிந்து தன் வயிற்றைப் பார்ப்பார். ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதிவிட்டு, ஆன்கிட்ரொயிட்டில் போன் வாசித்துக் காட்டுகிற வசதியைத் திறந்துவிடுங்கள். ஒலியில் எங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது: "பெக்கேஞோ" என்கிற சிறியதில் வரும் ஞ எங்களுக்குப் பிறவியிலேயே வரும், "ரெதோந்தோ"வின் முதல் எழுத்தையும் நாக்கை நன்றாக உருட்டினால் பிடித்துவிடலாம்.

உடுப்புக் கடைக்காரருக்கு ஒரு விசயம்: ரீசேர்ட் சைஸ் கேட்க "தாய்யா", செருப்பு சைஸுக்கு "நூமெரோ", மற்றப் பொருட்களுக்குப் பொதுவாகத் "தமாஞோ". பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் இரட்டைக் கட்டிலுக்கு "காமா தே மத்ரிமோனியோ" என்று ஒரு கார்ட் கட்டாயம் சேருங்கள், ஸ்பெயின்காரர் அப்படித்தான் கேட்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பார்க்கப் பழைய கம்ப்யூட்டர் மாதிரிச் சப்பென்று இருக்கும், செட்டிங் ஒரு காடு, கொஞ்ச நாள் திறக்காமல் விட்டால் கார்ட் குவிந்து நிற்கிறதைப் பார்க்கவே அலுப்பு வரும். பேசப் பழக்காது, வசனம் கட்டித் தராது. சொல் மனதில் நிற்க வேண்டும், காசு செலவழிக்க மனமில்லை என்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் காசைக் கொடுக்காமல் ஆன்கியின் இணையப் பக்கத்தை பிரவுசரில் திறந்து பாவியுங்கள், வேலை செய்யும், ஆனால் இன்டர்நெட் வேண்டும்.