‘டாக்டர் ஓட்டுன வண்டிங்க’: பழைய டர்போ சின்னக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய டர்போ ஹாட்ச்பேக் ஒன்றை வாங்கி தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு நான் வாங்கிய வண்டி, ஒரு வருடம் முடிவதற்குள் இன்னொரு 2 லட்சத்துக்கு மேல் சாப்பிட்டுவிட்டது. வழக்கு நடப்பதால் கன்சல்டிங்கின் பெயரையும் சர்வீஸ் சென்டரின் பெயரையும் எழுதவில்லை. வண்டி எந்தக் கம்பெனி என்பதையும் விட்டுவிடுகிறேன். அதற்குக் காரணம் வேறு. இதில் தப்பு வண்டியுடையது இல்லை.

இந்த ரகத்தில் நம் நாட்டில் வந்தவையே கொஞ்சம்தான். 2013ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015ல் அபார்த் புன்டோ, 2017ல் பலேனோ ஆர்எஸ், 2021ல் ஐ20 என் லைன், இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த நாலில் அபார்த் நீங்கலாக மற்றவை எல்லாமே நாலு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் வண்டிகள். அந்த அளவுக்குள் இருந்தால் வரி குறைவு. அதனால்தான் சின்ன என்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளி சக்தியைக் கூட்டும் டர்போவைப் பூட்டி ஓட விட்டார்கள். போலோ 2022ல் நின்றுவிட்டது, பலேனோ ஆர்எஸ் அதற்கும் முன்னாலேயே நின்றது. புதிதாகக் கிடைக்காத வண்டி, ஓட்டியவர்கள் எல்லோரும் ஆசையாகப் பேசும் வண்டி. அதனால் பழைய மார்க்கெட்டில் நல்ல கிராக்கி.

என்னிடம் சொன்னது இது. ஒரே ஓனர், பல் டாக்டர், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியது, 38,000 கிலோமீட்டர். ஆர்.சி.யைப் பார்த்தேன், ஒரே ஓனர்தான். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தேன், கடன் இல்லை, அபராதம் பாக்கி இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு எடுக்கச் சொன்னேன், 31,000 வரை ஒழுங்காக சர்வீஸ் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வாரண்டி முடிந்ததால் வெளியே விட்டார்கள் என்றார்கள். 31க்கு அப்புறம் 38, கணக்கு பொருந்துகிறது அல்லவா? மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குறைத்தவர்கள் அந்த ரெக்கார்டைப் பார்த்துவிட்டுத்தான் எந்த எண்ணில் நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சர்வீஸ் ஹிஸ்டரி பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி வரை என் தினசரி ஓட்டம். லாலி ரோட்டில் நின்று, காந்திபுரத்தில் ஊர்ந்து, கணபதி தாண்டி சத்தி ரோட்டில் மறுபடி ஊர்ந்து போக வேண்டும். கொஞ்ச மாதத்தில், முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உடம்பைச் சிலிர்க்க ஆரம்பித்தது. பின்னர் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ஏற்றத்தில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு நகரும். அப்புறம் ஒரு நாள் சிக்னலில் கியர் எழுத்து மின்ன ஆரம்பித்து, வண்டி நகரவே மறுத்தது. பின்னால் ஒரு டவுன் பஸ். அந்த ஹாரன் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி என்று பெருமையாகச் சொல்வார்களே, என் வண்டியில் இருப்பது அதுதான். அது என்ன என்று கொஞ்சம் தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படை கியர்களுக்கு. ஒன்று ஓடும்போதே மற்றது அடுத்த கியரைத் தயாராகப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் கண் இமைப்பதற்குள் கியர் மாறுகிறது. சின்னக் கார்களில் வருவது பெரும்பாலும் உலர் கிளட்ச். ஆயிலில் முங்கிய கிளட்சாக இருந்தால் சூட்டை ஆயில் எடுத்துப் போய்விடும், உலர் வகையில் அது கிடையாது. நடந்து போகும் வேகத்தில் ஊர்ந்தால் கம்ப்யூட்டர் ஓயாமல் அரை கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் இயக்குவது மெகட்ரானிக் என்ற ஒரு பெட்டி. பம்ப், வால்வு, எலக்ட்ரானிக் போர்டு மூன்றும் ஒன்றாக இருக்கும். போனால் முழுசாக மாற்று என்பார்கள். போலோவிலேயே 2020ல் 1.0 டர்போ என்ஜின் வந்தபோது இந்த ஏழு கியர் பெட்டிக்குப் பதிலாக, ஆயில் வழியாக விசையைக் கடத்தும் பழைய பாணி ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் கொடுத்தார்கள். ரேஸ் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். நகர நெரிசலில் ஓட்டுபவனைக் கேட்டால் கும்பிடு போடுவான்.

சரி, சர்வீஸ் சென்டர். முதலில் என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு, அதாவது என்ஜின் மவுன்ட் என்றார்கள், மாற்றினார்கள், பில் போட்டார்கள். சிலிர்ப்பு போகவில்லை. அடுத்து சாஃப்ட்வேர் அடாப்டேஷன் என்றார்கள், அதற்கும் ஒரு பில். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. மூன்றாவது தடவைதான் கியர்பாக்ஸை முழுசாக ஸ்கேன் செய்து, கிளட்ச் செட்டும் மெகட்ரானிக்கும் போய்விட்டது என்றார்கள். வாங்கும்போது கன்சல்டிங்கில் ஒரு வருட வாரண்டி என்று தனியாகப் பணம் வாங்கி ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினேன். அந்த வாரண்டிக்காரர்கள் சர்வீஸ் சென்டரின் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரி: என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வில் கம்பெனி சாஃப்ட்வேரே இருக்கிறது, ஆனால் அது எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை கம்பெனி பதிவுடன் பொருந்தவில்லை. அதாவது யாரோ வெளியே ரீமேப் செய்து, அதாவது அந்த சாஃப்ட்வேரை மாற்றி எழுதி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றி வைத்திருக்கிறார்கள். மாற்றம் செய்த வண்டிக்கு வாரண்டி இல்லை, ஃபைல் குளோஸ். அந்த எண்ணிக்கை முதல் நாளே ஸ்கேனரில் தெரிந்திருக்கும். மவுன்ட்டுக்குப் பணம் வாங்குவதற்கு முன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: “சார், நீங்க கம்ப்ளெயின்ட்ல வைப்ரேஷன்னுதானே சொன்னீங்க?”

மீட்டர் விஷயம் அங்கே வெளிவரவில்லை. சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இரண்டாவது அபிப்ராயம் கேட்கப் போனபோதுதான் வந்தது. அந்தத் தம்பி லேப்டாப்பைச் செருகி, என்ஜின், கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். கியர்பாக்ஸில் வந்ததும் நின்றுவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

“ஏனுங்ணா, இதைப் பாருங்க. மீட்டர்ல 46 ஓடியிருக்கு. கியர்பாக்ஸ்ல பழைய எரர் ஒன்னு 83ல விழுந்துருக்குங்ணா.”

கிளட்ச் சூடு அதிகம் என்ற எரர். பல வண்டிகளில் ஒரு எரர் பதிவாகும்போது அந்த நேரத்து வேகம், வெப்பம் ஆகியவற்றுடன் கிலோமீட்டரும் சேர்ந்து பதிவாகும். திரையில் 83,412 என்று இருந்தது. வண்டி இன்னும் ஓடியே இராத தூரத்தில் ஒரு பழுது! மீட்டரைக் குறைத்தவர்கள் டேஷ்போர்டைத் திருத்தினார்கள், என்ஜின் எரர்களை அழித்தார்கள், கியர்பாக்ஸை மறந்துவிட்டார்கள்.

ஆர்.சி.யில் இருந்த பழைய விலாசத்தைத் தேடிப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். உண்மையிலேயே பல் டாக்டர்தான், நல்ல மனிதர், காபி கொடுத்தார். “நான் குடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்களே. ஃபார்ம்ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன், இன்னுமா பேர் மாத்தலை?” என்றார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து. நம் ஊரில் இதுதான் வழக்கம். அந்த வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு நடுவில் ஒருவர் பெயர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார், இளவட்டம், செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கெல்லாம் கொண்டு போவார் என்று டாக்டருக்குக் கேள்வி. ஆக ‘ஒரே ஓனர்’ என்பது காகிதத்தில் சத்தியமான உண்மை. டாக்டர் தன் ஃபைலிலிருந்து கடைசி சர்வீஸ் பில்லையும் எடுத்துக் கொடுத்தார். அவர் விற்பதற்கு முன்னாலேயே வண்டி 61,000 ஓடியிருக்கிறது.

ரீமேப் செய்வதையே நான் குறை சொல்லவில்லை. ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர் இது, இங்கே ரேஸ் டிராக்கும் டியூனிங் கடைகளும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ரீமேப் என்பது டர்போ அழுத்தத்தையும் முறுக்குவிசையையும் கூட்டுவது. கூடும் விசை முழுவதும் அந்த உலர் கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். அதோடு நின்ற இடத்திலிருந்து ராக்கெட் மாதிரி கிளப்பி விளையாடினால் கிளட்ச்சின் ஆயுள் பாதியாகிவிடும். அப்படி ஓட்டியவர் தெரிந்துதான் ஓட்டினார். அதை மறைத்து விற்றவர்கள் என் பணத்தில் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

கன்சல்டிங் ஓனரிடம் போய் 83,412ஐக் காட்டியபோது அவர் அசரவில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தானுங்க சார் இருக்கும். பார்த்துத்தானே எடுத்தீங்க? நாங்க கமிஷனுக்கு விக்கிறவங்க, ஓனரைக் கேளுங்க.” அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆர்.சி. டாக்டரிடமிருந்து நேரே என் பெயருக்கு வந்துவிட்டது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததும் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் பெரிய ஷோரூம்களுக்குங்க” என்றார். நீங்கள் போகும் கடையில் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். முகம் மாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது கியர்பாக்ஸ் வேலை முடிந்து வண்டி ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை. நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள என்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வை நனைக்காது, அதனால் வால்வில் கரி படியும். அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆயிலைக் குறித்த ரகத்தில் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டிருந்தால் டர்போ பாட்டுக்கு உழைக்கும். மெல்லிய பக்கச்சுவர் உள்ள டயர்கள் நம் ஊர்க் குழிகளில் வீங்கும், அது எல்லோருக்கும் தெரிந்தது. நெரிசலில் முன் வண்டியை ஒட்டி ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு ஒரேயடியாக நகர்த்தினால் கிளட்ச் பிழைக்கும். ஒழுங்காக வளர்ந்த வண்டி கிடைத்தால் தினசரி ஓட்டத்துக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எப்படி வளர்ந்தது என்பதை விற்பவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

1,500, 2,000 செலவு பார்க்காமல் என்ஜின், கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ். என்று வண்டியில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்கத் தெரிந்த ஒருவரை லேப்டாப்போடு கூட்டிப் போங்கள். நாமே வாங்கி வண்டியில் செருகிப் பார்க்கும் சின்ன ஓ.பி.டி. குச்சி பெரும்பாலும் என்ஜினை மட்டும்தான் படிக்கும். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். என் வண்டியில் அது புத்தம் புதிதாக இருந்தது, 38,000 ஓடிய வண்டியில் யாரும் பெடல் ரப்பரை மாற்ற மாட்டார்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். 38,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் இரண்டாவது செட் டயரும் பழசாகியிருந்தால் கணக்கு உதைக்கும். ஆர்.சி.யில் இருக்கும் ஓனரிடம் நேரில், முடியாவிட்டால் போனிலாவது பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். “அவர் ஃபாரின்ல இருக்காருங்க” என்றால் வீடியோ காலில் பேசுங்கள். பணத்தை ரசீதில் பெயர் போடுபவரின் கணக்குக்கே அனுப்புங்கள். கிலோமீட்டரை ரசீதில் எழுதி, அது உண்மை என்று கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். நான் கட்டியது 200. அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பார்க்கலாம், சில கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். என் கன்சல்டிங் இறங்கி வரவில்லை. கன்சல்டிங்கையும் சர்வீஸ் சென்டரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போட்டிருக்கிறேன், இருவருக்கும் நோட்டீஸ் போய்விட்டது.

வழக்குப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரிப்பேருக்கு விடுவதற்கு முன்னாலேயே ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதியோடும் சேசிஸ் எண்ணோடும் அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், எரரை அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். ஆணையம் நிபுணர் பரிசோதனை கேட்கக்கூடும். அதனால் மாற்றிய பழைய பாகங்களைக் கடையில் விட்டுவிடாதீர்கள். பழைய மெகட்ரானிக்குக்கு மாற்று விலை தருகிறோம் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. பில்லில் மீட்டர் காட்டும் எண்ணையும் கியர்பாக்ஸ் காட்டிய எண்ணையும் இரண்டு தனி வரிகளில் எழுத வைத்து சீல் வாங்கியிருக்கிறேன்.