வரையப் பழக: காகிதமா, டேப்லெட்டா?

வரையப் பழகலாம் என்று நினைக்கிற பலரும் முதல் கோடு போடுவதற்கு முன்பே ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். பென்சிலும் ஸ்கெட்ச்புக்கும் வாங்குவதா, இல்லை கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு ஒரு ஸ்டைலஸ், அதாவது திரையில் வரையும் பேனா, வாங்கினால் போதுமா? நான் டேப்லெட்டில் தொடங்கினேன். இப்போது பெரும்பாலும் காகிதத்தில்தான் வரைகிறேன். புதிதாகப் பழகுகிறவருக்குக் காகிதமே நல்லது என்பது என் கட்சி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். தொடங்கும் செலவு காகிதத்தில் மிகக் குறைவு: ஒரு 2பி பென்சில், ஒரு ரப்பர், 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்; கூடினால் தாள் கனமானது) அளவில் தாள் உள்ள ஒரு ஸ்கெட்ச்புக். டேப்லெட்டுக்கு முதலில் பெரிய தொகை போக வேண்டும், ஆனால் அப்புறம் தாளும் வண்ணமும் தீராது. வரைவதற்கான ஆப்களில் ப்ரோக்ரியேட் ஐபேடில் மட்டும் ஓடும், ஒருமுறை பணம் கட்டினால் போதும். கிரிட்டா இலவசம். கையில் கரி ஒட்டக்கூடாது என்பவருக்கு டேப்லெட் வசதி. ஸ்டைலஸ் அழுத்தத்தை 8192 நிலைகளாகப் பிரித்தறியும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். பழகுகிற கைக்கு அதைவிட முக்கியம் தாளின் சொரசொரப்பு. கண்ணாடியில் ஸ்டைலஸ் வழுக்கும். மேலே மேட் ஃபிலிம் ஒட்டினால் பிடிப்பு கிடைக்கும், ஆனால் ஸ்டைலஸ் முனை சீக்கிரம் தேயும்.

டேப்லெட் ஓவியம் ஒரு படி தாழ்ந்தது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2010-லேயே ஐபேடில் வரையத் தொடங்கி, அதிலேயே பெரிய நிலக்காட்சி வரிசைகளைச் செய்தவர். ஆனால் அப்போது அவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாளிலும் கேன்வாஸிலும் உழைத்த கை அது. நான் பேசுவது இன்னும் எதையும் வரைந்திராத கையைப் பற்றி.

அந்தக் கைக்கு எது நல்லது என்பதை என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: அன்டூ, அதாவது கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்கும் வசதி.

ப்ரோக்ரியேட்டில் இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். இப்படி 250 படிகள் வரை பின்னால் போகலாம். வரைந்து தேர்ந்தவருக்கு இது பெரிய வரம். பழகுகிறவருக்கு நடப்பது வேறு. எதிரே ஒரு குவளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வாய் ஒரு நீள்வட்டம். போடுகிறோம், கோணலாகிறது. தட்டுகிறோம், மறைகிறது. மறுபடி போடுகிறோம், அகலம் கூடிவிட்டது. தட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் வெற்றுத் திரையிலிருந்தே தொடங்குவதால், போன கோட்டில் எது தவறு, எவ்வளவு தவறு என்று ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. கொஞ்ச நேரத்தில் கண் குவளையைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது. திரையில் கோடு அழகாக விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. கடைசியில் எப்படியோ ஒன்று நன்றாக விழும். அடுத்த குவளைக்கு அதிலிருந்து கை எடுத்துப்போக ஒன்றும் இருக்காது.

இதற்கு மேல் இன்னொரு வசதியும் உண்டு. கோட்டின் முடிவில் ஸ்டைலஸை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தால் ஆப்பே அதைக் கச்சிதமான நீள்வட்டமாக்கித் தரும். கச்சிதம்தான், ஆனால் அது நம் எதிரே உள்ள குவளையின் வாய் அல்ல. குவளை கண்மட்டத்துக்கு அருகே இருந்தால் அந்த நீள்வட்டம் ஒடுங்கும், கீழே போகப் போக விரியும். அந்த விரிவைப் பிடிப்பதுதான் பாடம், ஆப் செய்துகொடுப்பது வளைவின் நேர்த்தியை மட்டும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். பென்சிலை முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, தாளில் படாமலே ஓரிரு முறை கையைச் சுழற்றிவிட்டு, அதே வேகத்தில் மெல்லத் தாளைத் தொடுகிறோம். முதல் கோடு தப்பாக விழுகிறது. ஆனால் அங்கேயே இருக்கிறது. இடது பக்கம் பிதுங்கியிருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிகிறது. அடுத்த சுற்றை அங்கே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுகிறோம். மூன்று நான்கு மெல்லிய கோடுகள் சேர்ந்ததும் குவளையோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதை மட்டும் அழுத்தி வரைந்தால் போதும். மற்றவை கிடக்கட்டும், தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. தப்பான கோடுதான் இங்கே அளவுகோல். பொருளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் வரைதலில் முக்கால்வாசி என்று நான் நம்புகிறேன். வித்தியாசத்தைக் காண இரண்டு வேண்டும். அன்டூ எப்போதும் ஒன்றை எடுத்துவிடுகிறது.

ரப்பர் இருக்கிறதே என்று கேட்கலாம். ரப்பருக்கு நேரம் பிடிக்கும், தடம் விடும், அதிகம் தேய்த்தால் தாளின் நார் கிளம்பிவிடும். அதனாலேயே அடுத்த கோட்டுக்கு முன் ஒரு கணம் யோசிப்போம். எனக்கு வேண்டியது அந்த ஒரு கணம்தான்.

யோசித்துப் பார்த்தால், தட்டி அழிக்கும் இந்தக் கை வரைய வந்த பிறகு உண்டானதல்ல. எழுதிய செய்தியை அழித்து மறுபடி எழுதுகிறோம். ஒரே காட்சியை வரிசையாகப் படம் எடுத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அனுப்பிவிட்ட செய்தியைக்கூட நீக்குகிறோம். நாள் முழுக்க இப்படிப் பழகிய விரல், வரைய உட்கார்ந்ததும் அதையேதான் செய்யும். காகிதத்துக்கு மாறிய பிறகுதான் என் விரல்களில் இருந்த அவசரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. வரைவதைத் தாண்டியும் அது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. செய்தியை எழுதும் முன் யோசிக்கிறேன், படம் எடுக்கும் முன் நின்று பார்க்கிறேன். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி தர முடியாது, எனக்கு நடந்தது.

டேப்லெட் என்றால் நோட்டிஃபிகேஷன் தொல்லை என்பார்கள். அது உண்மை, ஆனால் தீர்க்கக்கூடியது. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் முடிந்தது. ஃபோன் தொடாமல் அருகில் கிடந்தாலே சிந்திக்கும் திறனில் ஒரு பங்கு குறைகிறது என்று 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று மிகவும் பேசப்பட்டது. பின்னால் அதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதை வைத்து நான் வாதாடவில்லை. வரையும்போது என் ஃபோன் அடுத்த அறையில் இருக்கும், அவ்வளவுதான்.

டேப்லெட் தெளிவாக ஜெயிக்கும் இடங்கள் உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் முகத்தில் உள்ள கோணல் சட்டென்று கண்ணில் படும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தாலும் இது தெரியும், ஆனால் டேப்லெட்டில் ஒரு தட்டில் முடிந்துவிடும். வண்ணம் பழகவும் அதுவே மேல். ஒரே படத்தின் மேல், கீழே உள்ளதைத் தொடாத தனி அடுக்கில் (லேயர்) நாலு விதமாக வண்ணம் போட்டு ஒப்பிடலாம். நீர்வண்ணத்தில் அது நடக்காது. நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாளும் வேண்டும், மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிடும். நீர்வண்ணத்தில் என் பழக்கம் குறைவு என்பதால் இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அனிமேஷன், காமிக்ஸ் பக்கம் போக நினைப்பவர் என் பேச்சைக் கேட்டு டேப்லெட்டைத் தள்ளிப்போட வேண்டாம், அந்த வேலைகளை நான் செய்ததில்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்குக் கோட்டைச் சீராக்கும் வசதி நிஜமாகவே உதவக்கூடும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் தனித்தனிக் கவலை. பென்சில் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் உரசி மங்கும். நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்தால் தாங்கும். அமிலம் நீக்கிய தாளாக இல்லாவிட்டால் ஆண்டுகள் போகப் பழுப்பேறும். டேப்லெட்டில் பேட்டரி வயதாகும். ப்ரோக்ரியேட்டை நீக்கினால் உள்ளே இருக்கும் படங்களும் சேர்ந்து போய்விடும், ஆகவே அவ்வப்போது வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவைப்பது அவசியம்.

டேப்லெட் ஏற்கெனவே கையில் இருக்கிறது, காகிதம் வாங்க மனமில்லை என்றால் அதையே காகிதம் மாதிரி நடத்திப் பாருங்கள். பென்சில் போல வரும் ஒரே பிரஷ், ஒரே லேயர், கேன்வாஸ் முழுவதும் தெரியும் அளவிலேயே வைத்துப் பெரிதாக்காமல் வரைவது. தப்பான கோட்டைத் தட்டி நீக்காமல், அதன் பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள். முதல் சில நாட்கள் இரண்டு விரலும் தானாகத் திரைக்குப் போகும். அப்போது ஸ்டைலஸ் பிடிக்காத கையை மடியில் வைத்துக்கொண்டு வரையுங்கள்.