வீட்டுப் பாகம்: பத்திர ஆபீஸா, கோர்ட்டா?

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரே வீடு.

பேசி முடித்துப் பத்திரம் பதிவது ஒரு வழி. இருபதடி அகல வீட்டைத் துண்டு போட்டால் யாருக்கும் வீடு மிஞ்சாது. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு பணம் கொடுக்க, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாக வழக்கை ஒருவரே போடலாம். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும். அப்புறம் கோர்ட் நியமிக்கும் கமிஷனர் டேப்போடு வந்து அம்மாவின் அடுப்படி வரை அளப்பார். பிரிக்க முடியாத வீடு, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்பனைக்கும் போகலாம். வருஷங்கள் ஓடும்.

நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஆனால் "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று தங்கச்சியை ஒதுக்கினால், அவள் தயங்காமல் வழக்குப் போடட்டும். குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்பதைத் தடுத்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு 2005-லேயே நீக்கப்பட்டுவிட்டது.