பழைய புல்லட் கிளட்ச்: பிளேட் வாங்கும் முன் பிரைமரியைத் திறந்து பாருங்கள்

இது திருவொற்றியூர் தயாரிப்பான காஸ்ட் அயர்ன் புல்லட் 350-க்கு மட்டும். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், கிக்கர் மட்டும் உள்ள நாலு கியர் வண்டி. சென்னை டிராஃபிக்கில் வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளில் கிளட்ச் புகார் இரண்டே வகைதான். ஒன்று ஸ்லிப்: ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இன்னொன்று இழுவை: சிக்னலில் லீவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும், நியூட்ரல் விழாது. இரண்டுக்கும் ஒர்க்‌ஷாப் பதில் ஒன்றே: "பிளேட் போயிடுச்சுண்ணே." பெரும்பாலும் போயிருக்காது. கேபிள், ஆயில், செயின், ஸ்பிரிங் நாலையும் பார்த்த பிறகுதான் பிளேட்டுக்கு வர வேண்டும். செயின் என்றால் பின் சக்கரச் செயின் இல்லை; இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின். அதுவும் கிளட்சும் இருக்கும் இடது பக்கப் பெட்டிதான் பிரைமரி கேஸ், அதாவது செயின் கேஸ்.

கேபிளுக்கு அந்தக் கேஸின் கவரைக் கழற்ற வேண்டாம். லீவர் முனையில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் புஷ் ராடு (லீவரைப் பிடித்தால் கிளட்சைப் பிரிக்கும் கம்பி) எந்நேரமும் பிரஷர் பிளேட்டை (மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் வெளித் தட்டு) தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்லிப் வரும், பிளேட் கருகும். ஆட்டம் அதிகமானால் பிளேட்டுகள் முழுக்கப் பிரியாது, இழுவை. பலர் லீவர் பக்க அட்ஜஸ்டரை மட்டும் திருகித் திருகிக் கடைசி மரை வரை கொண்டுவந்துவிடுவார்கள். சரியான இடம் கியர்பாக்ஸின் வலது கவரில், சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. கேபிளை நன்றாகத் தளர்த்திவிட்டு, அங்குள்ள லாக் நட்டை விட்டு, ஸ்க்ரூ புஷ் ராடைத் தொடும் வரை திருகி, கொஞ்சம் பின்வாங்கி லாக் செய்யுங்கள். கேபிள் ஆட்டத்தை அதற்குப் பிறகு வையுங்கள். பாதி புகார் இங்கேயே தீரும்.

ஆயில். இந்த வண்டியில் பிரைமரி கேஸ் ஆயில் வேறு, இன்ஜின் ஆயில் வேறு. அளவு 420 மி.லி. செயின் கேஸின் மேல் மூடி வழியாக ஊற்றி, கீழே உள்ள லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்து, அங்கிருந்து சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். வண்டி நேராக சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்த லெவல் பொய். சாதாரண 20டபிள்யூ50 கிரேடு ஆயில் போதும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயில் மட்டும் வேண்டாம், ஸ்லிப்புக்கு அதுவே காரணமாகிவிடும். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊற்றுபவர்களும் உண்டு. கிளட்ச் சுலபமாகப் பிரியும், நியூட்ரல் எளிதாக விழும். ஆனால் அது தண்ணி மாதிரி; 20டபிள்யூ50 கசியாத கவர் ரப்பரிலும் அது கசியும். குளிர் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் லாபம் நம் ஊர் வெயிலில் அவ்வளவு இல்லை.

ஊற்றுவதை விட, வெளியே வருவதைப் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டியென்றால் லெவல் ஸ்க்ரூவிலிருந்து வடிவது டீக்கடைப் பால் டீ நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஸ்டீல் பிளேட்டிலும் செயினிலும் துரு ஏறும். மழை ஓய்ந்ததும், தை பிறப்பதற்குள் ஒருமுறை மாற்றிவிடுவது நல்ல பழக்கம். ஊற்றாமலே லெவல் ஏறியிருந்தால் கிராங்க் பக்க ஆயில் சீல் வழியாக இன்ஜின் ஆயில் வருகிறது.

இனி கவரைக் கழற்றலாம். ட்ரெயின் போல்ட் கிடையாது, கவர் பிரியும்போது ஆயில் மொத்தமாக இறங்கும். அகலமான ட்ரே ஒன்றைக் கீழே வையுங்கள். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கினால், கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்.

முதல் வேலை, எதையும் தொடாமல் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பது. புல்லட்டில் கிக் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்சின் நடுப்பகுதி சுற்றி, வெளி ட்ரம்மும் செயினும் அசையாமல் நின்றால் அது ஸ்லிப். இரண்டும் சுற்றாமல் கிக்கர் மட்டும் வெறுமனே இறங்கினால் கோளாறு கியர்பாக்ஸுக்குள், கிக் பக்கத்தில். அதற்குப் போய் பிளேட் மாற்றினால் காசு தண்டம்.

செயினின் மேல் ஓட்டத்தை விரலால் தூக்கிப் பாருங்கள். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே 6 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து டைட் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இறுகிய இடம் வரும்போதெல்லாம் மெயின் ஷாஃப்ட் பேரிங் வாங்கும் அடி அது. செயின் கீழே உள்ள வளைந்த பேடை, லாக் நட்டைத் தளர்த்தி போல்ட்டால் ஏற்றி இறக்கலாம். பேடின் முகத்தில் செயின் இரண்டு ஆழமான பள்ளம் போட்டிருந்தால் பேடையே மாற்றுங்கள். இறுகிய இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமென்றால் செயினின் ஆயுள் முடிந்தது. இது லிங்க் இல்லாத முழுச் செயின். இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் ட்ரம்மும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். கிளட்ச் சென்டருக்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) தேவை. சுத்தியலால் தட்டி எடுக்க நினைக்காதீர்கள்.

கிளட்ச் முகத்தில் மூன்று ஸ்க்ரூ. ஸ்பிரிங் வலுவை இவற்றால் கூட்டிக் குறைக்க முடியாது, கடைசி வரை இறுக்கித்தான் விட வேண்டும். லீவரை ஒருவர் பிடிக்க, பிரஷர் பிளேட் எல்லாப் பக்கமும் ஒரே அளவு எழும்புகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு பக்கம் சோம்பினால் ஸ்பிரிங் செட் மொத்தமும் மாற்ற வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் மாற்றினால் கோணல் அப்படியே நிற்கும். பிளேட்டுகளை எடுக்கும்போது வரிசையும் முகமும் மாறாமல் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நெளிவு பாருங்கள். ஆனால் சில பிளேட்டில் வேண்டுமென்றே கொடுத்த குழிவு உண்டு, அதை நெளிவு என்று நினைத்துத் தட்டிவிட வேண்டாம். ட்ரம் காடியில் பிளேட்டின் காது இடித்து இடித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்திருந்தால், பிளேட் அதில் சிக்கிக்கொண்டு பிரியாது. தீராத இழுவைக்கு இதுதான் காரணம். லேசான வெட்டை அரத்தால் சமன் செய்யலாம். புதுப் பிளேட்டை ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசும் புதுப்பேட்டையில் பழசும் கிடைக்கும். ட்ரம், கவர் மாதிரி இரும்பு, அலுமினியச் சாமான் என்றால் புதுப்பேட்டையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பிளேட், ஸ்பிரிங், ரப்பர் மூன்றையும் பழசில் தொடாதீர்கள்.

கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் இதே கேஸுக்குள்தான். அதன் ஸ்டேட்டரை (சுற்றாத சுருள் பகுதி) கழற்றியிருந்தால், திரும்ப மாட்டும்போது ரோட்டரை (உள்ளே சுற்றும் பகுதி) சுற்றி எல்லா இடத்திலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தடையில்லாமல் போக வேண்டும். வயர் செயினைத் தொடாமல் ஓரமாகப் போகிறதா என்றும் பாருங்கள்.

கவர் மூடும்போது ரப்பர் காடியில் சரியாக உட்கார்ந்தால் போதும், பேஸ்ட் வேண்டியதில்லை. கசிகிறது என்று நடு நட்டை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து, ஓரம் நிரந்தரமாகக் கசியும். ராத்திரி வண்டிக்குக் கீழே பழைய பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் நட்டைச் சுற்றி ஈரமென்றால் அதன் வாஷரை மாற்ற வேண்டும். கேஸின் கீழ் விளிம்பு முழுக்க ஈரமென்றால் ரப்பரை.