தீபாவளி 2020, பொங்கல் 2022: காட்பாடி ரயிலில் கூட்டத்தைக் குறைத்தது எது?

கொரோனா பயத்தில்தான் ஜனம் ரயில் ஏறவில்லை என்று இன்னமும் பேசுகிறார்கள். 2019-20இல் நாடு முழுக்க 800 கோடியைத் தொட்ட ரயில் பயணங்கள் அடுத்த வருடம் சுமார் 125 கோடியாகவும், அதற்கடுத்த வருடம் 350 கோடியாகவும் இருந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சென்னையில் வேலை, வேலூரில் வீடு என்று அலைகிற எனக்குத் தெரிந்த கதை வேறு.

சென்ட்ரலிலிருந்து வேலூருக்கான ஸ்டேஷனான காட்பாடி 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இதற்குப் போய் யாராவது முன்பதிவு செய்வார்களா? கவுண்டரில் டிக்கெட் எடுத்து, அன்ரிசர்வ்டு பெட்டியில் அரக்கோணம் வரை ஒற்றைக்காலில் நின்றுவிட்டு, அப்புறம் இடம் கிடைத்தால் உட்காருவோம், அவ்வளவுதான். 2020 தீபாவளிக்கு அந்தப் பெட்டியே இல்லை. ஸ்பெஷல் வண்டிகள், நம்பர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், உட்கார்ந்து போகிற பெட்டிக்கும் 15 ரூபாய் கூடக் கொடுத்து ரிசர்வ் செய்ய வேண்டும். (அந்த ஜூனில் கோவை வண்டி காட்பாடியோடு நின்றது, சென்னைக்குள் விடவில்லை. கோவை வண்டிக்கு நம்ம ஊரே கடைசி ஸ்டேஷனாக இருந்தது அப்போது!)

நான் வந்த பெட்டியில் ஒரு சீட்கூடக் காலி இல்லை. ஆனால் கதவோரம் நாலு பேர் பேப்பர் விரித்து உட்காரும் இடத்தில் யாரோ வைத்த ஸ்வீட் பாக்ஸ் பை மட்டும் இருந்தது. கூட்டத்தில் குறைந்தவர்கள் அந்த நாலு பேர்தான். அவர்கள் பயந்து வீட்டில் உட்காரவில்லை, பஸ்ஸில் போனார்கள்.

2022 பொங்கலுக்கு இது தலைகீழ். பஸ்ஸில் 75 சதவீத இருக்கைதான் என்று மாநில அரசு சொன்னது, எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நின்று அலுத்தவர்கள் எல்லாம் ரயில் டிக்கெட் தேட, பல வண்டிகளில் அன்ரிசர்வ்டு இன்னும் வராததால் வெயிட்டிங் லிஸ்ட்தான் நீண்டது. 14 முதல் 18 வரை கோயில் மூடல், 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு, அப்படியும் ஊருக்கு வருகிறவர்கள் வந்தார்கள். அந்த ஞாயிறு பஸ் ஓடவில்லை. ரயில் டிக்கெட்டைப் போலீசிடம் காட்டி, சித்தப்பாவின் டிவிஎஸ் 50இல் சத்துவாச்சாரியிலிருந்து ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன்.

ரயில் கூட்டத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ரிசர்வ் செய்தால்தான் பயணம் என்ற 2020 முறை ஜெயித்தது, சந்தேகமில்லை. ஆனால் அதில் அடிபட்டவர்கள் எங்களைப் போன்ற கிட்டத்து ஊர்க்காரர்களும் சீசன் டிக்கெட்காரர்களும்தான், கோவை வரை போகிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் பஸ்ஸில் மட்டும் இருக்கையைக் குறைத்த 2022 முறையே எனக்குப் போதும், கூடவே அன்ரிசர்வ்டு டிக்கெட்டை ஒரு எண்ணிக்கை வைத்து விற்றால் சரி.

மீதி வண்டிகளிலும் அன்ரிசர்வ்டு பெட்டி 2022 மார்ச்சிலிருந்து படிப்படியாகத் திரும்பியது. அப்பாவுக்கு 60 தாண்டியதால் கிடைத்துவந்த 40 சதவீதச் சலுகையும் 2020 மார்ச்சில்தான் போனது, அது வரவில்லை. தீபாவளிக்கு அவருக்கும் முழு டிக்கெட்தான் போடுகிறேன்.