ஜிமேட் பயிற்சி: அசல் கேள்வியா, கடைக் கேள்வியா, எல்சாட் தாளா?

எம்பிஏ மாதிரி மேலாண்மைப் படிப்புக்கு எழுதும் ஜிமேட் தேர்வில், மொழிப் பகுதியான வெர்பலுக்கு எதைப் போட்டுப் பழகுவது என்று யாரைக் கேட்டாலும் "அஃபிஷியல் கைடை முடி, போதும்" என்பார்கள். தேர்வு நடத்துகிறவர்களே போடும் கேள்விப் புத்தகம் அது. நானும் 2019-ல் அப்படித்தான் முடித்தேன், இரண்டே மாதத்தில். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கையில் புதுக் கேள்வி ஒன்றுகூட இல்லை. இப்போது சித்தி மகள் எழுதப்போகிறாள். அவளுக்காக எல்லாவற்றையும் மறுபடி விரித்துவைத்துப் பார்த்தேன்.

அதற்குள் தேர்வே மாறிவிட்டது. 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில், வாக்கியத்தின் இலக்கணப் பிழையைத் திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் கிடையாது. பழைய தேர்வு 2024 ஜனவரியோடு முடிந்தது. இப்போது வெர்பல் என்பது 45 நிமிடத்தில் 23 கேள்வி. வாதத்தை எடைபோடும் கிரிட்டிகல் ரீசனிங், பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், அவ்வளவே. இலக்கண வகுப்பையும் சேர்த்துக் கட்டணம் சொல்கிற இடத்தில் எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

அசல் கேள்வி என்றால் தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்டது: கைடு புத்தகம், அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள், காசு கொடுத்து வாங்கும் மற்றவை. தரத்தில் இதற்கு இணை இல்லை. சிக்கல் ஒன்றுதான்: அளவு குறைவு. ஒருமுறை போட்ட கேள்வியை மறுபடி போட்டால் மூளை யோசிப்பதில்லை, ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. கிரிட்டிகல் ரீசனிங் பெரிதாக மாறவில்லை என்பதால், பழைய கைடு மூர் மார்க்கெட் மாதிரி இடங்களில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சென்டன்ஸ் கரெக்‌ஷன் பக்கங்களைத் தள்ளிவிட்டு மீதியைப் போடலாம்.

அடுத்தது கடைக் கேள்வி, அதாவது பயிற்சி நிறுவனங்களும் ஆப்களும் தயாரிப்பவை. அள்ள அள்ளக் குறையாது. பழைய தேர்வுக்குப் படித்தபோது இலக்கணத்தை நான் பெரும்பாலும் இவற்றில்தான் பழகினேன். குறை ஒன்றும் தெரியவில்லை. இலக்கணத்தில் விதி என்று ஒன்று இருக்கிறது. யார் கேள்வி எழுதினாலும் ஒருமை எழுவாய்க்கு ஒருமை வினைதான். நமக்கு அந்த இடத்தில் கூடுதல் பயிற்சியும் தேவை. "மரங்கள் விழுந்தது" என்று கூசாமல் பேசிப் பழகிய காது ஆங்கிலத்திலும் பன்மையைக் கோட்டைவிடும். ஆனால் எழுவாயோடு ஒட்டாமல் தொங்கிக்கொண்டு நிற்கும் மாடிஃபயர் என்னும் அடைத்தொடரைப் பிடிப்பதில் நாம் கெட்டி. "சாலையில் நடந்து, மழை என்னை நனைத்தது" என்றால் நடந்தது மழையா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சிரிக்கும். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொள்ளும் என்று பள்ளியில் படித்தோமே, கிட்டத்தட்ட அதே விதிதான்.

தர்க்கத்தில் இந்தக் கடைச்சரக்கு காலை வாரிவிடும். ஒரு கேள்வியை நானே செய்து காட்டுகிறேன். ஒரு தடத்தில் பஸ் கட்டணத்தைக் குறைத்தார்கள், பயணிகள் கூடினார்கள். ஆகவே கட்டணக் குறைப்புதான் காரணம். இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது? ஒரு விடை: அதே மாதம் அந்த வழியில் மின்சார ரயில் நிறுத்தப்பட்டது. இன்னொரு விடை: பக்கத்துத் தடத்தில் இதே அளவு குறைத்தும் கூட்டம் கூடவில்லை. எது சரி? இரண்டுமே வாதத்தைக் குத்துகின்றன. நான் முதலாவதைச் சரி என்று வைத்து, விளக்கத்தில் நாலு வரி எழுதி உங்களை நம்பவைத்துவிடலாம். நல்ல கேள்வியில் தவறான நாலு விடைகளும் தவறு என்பதற்கு மறுக்க முடியாத காரணம் இருக்கும். அதைச் செதுக்கத்தான் நேரமும் காசும் ஆகிறது. மட்டமான கேள்வியில் பழகினால் நம் சரியான யோசனையை நாமே சந்தேகிக்க ஆரம்பிப்போம். சாட்ஜிபிடியைக் கேட்டு வாங்கும் கேள்விகளிலும் இதே கோளாறைத்தான் பார்த்தேன்.

மூன்றாவது, நம் ஊரில் பலர் கண்டுகொள்ளாத வழி: எல்சாட். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. 1990-களிலிருந்து வந்த பழைய தாள்கள் ஏராளம் வெளியாகியிருக்கின்றன, எல்லாமே உண்மையாக நடந்த தேர்வுகள். எல்சாட்டை நடத்துகிறவர்களின் லாஹப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் சில தாள்கள் இலவசம்; மீதிக்கு ஆண்டுச் சந்தா. அதன் லாஜிகல் ரீசனிங்கும் ஜிமேட்டின் கிரிட்டிகல் ரீசனிங்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஐந்து விடை, அதே அனுமானம், அதே பலவீனப்படுத்தல். எல்சாட்டில் கேள்விக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான், ஜிமேட்டில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே இதில் பழகியவருக்கு அங்கே மூச்சுவிட நேரம் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் எல்சாட்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்னும் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய தாளில் அதைப் பார்த்தால் பயப்படாமல் தாண்டிப் போங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் போடக்கூடாது. "கீழ்க்கண்டவற்றில் எந்த வாதத்தின் அமைப்பு மேலே உள்ளதை ஒத்திருக்கிறது" என்கிற வகை அங்கே வழக்கம்; ஜிமேட்டுக்கு அதில் நேரம் செலவழிப்பது வீண். சதவீதத்தையும் எண்ணிக்கையையும் குழப்பிவிடும் வியாபாரக் கணக்கு ஜிமேட்டுக்குப் பிடித்த விளையாட்டு, அதற்கு அசல் கேள்விதான் வேண்டும். எல்சாட் தாள் நாம் போடுவதைப் பார்த்து மாறாது. ஜிமேட்டோ நாம் போடப்போட அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். அந்த அழுத்தம் அசல் மாதிரித் தேர்வில்தான் தெரியும்.

அதனால் சித்தி மகளுக்கு நான் சொன்ன வரிசை: முதல் மாதம் எல்சாட் தாள்கள், கடிகாரம் இல்லாமல், தவறான நாலு விடையும் ஏன் தவறு என்று நோட்டில் எழுதியபடி. பிறகு கைடு. இலவச மாதிரித் தேர்வில் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டாள். இன்னொன்றைக் கடைசிப் பத்து நாள் வரை தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கடைக் கேள்வி வேண்டவே வேண்டாம் என்றேன். ஆப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

என் பழைய கைடின் இலக்கணப் பக்கங்களை அவள் தம்பி எடுத்துக்கொண்டான். பிளஸ் டூ படிக்கிறான், அமெரிக்க இளநிலைப் படிப்புக்கான சாட் தேர்வு எழுத வேண்டுமாம். எழுவாய்–வினை, மாடிஃபயர் மட்டும் அதிலிருந்து போதும் என்றேன். சாட்டில் கமாவும் செமிகோலனும் நேரடியாகக் கேள்வியாக வரும், அது அந்தப் புத்தகத்தில் இல்லை. அதற்கு கான் அகாடமி தளமும், சாட் நடத்துகிறவர்களின் புளூபுக் ஆப்பில் உள்ள மாதிரித் தேர்வுகளும் இருக்கின்றன, இரண்டும் இலவசம்.