தனுஷ்கோடிக் குடும்பமும் ஃபேமிலிசர்ச் தளமும்

1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியை விட்டுத் தங்கச்சிமடத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பத்திரம், சான்றிதழ் என்று எதுவும் மிஞ்சாததால், முன்னோரைத் தேடும் ஆசை வந்தபோது நேராக இணையத்துக்குத்தான் போனேன். கட்டணம் வாங்கும் ஒரு தளத்தில் மூன்று மாதச் சந்தா கட்டித் தாத்தாவின் பெயரைத் தேடியதில், முன்பின் தெரியாத வெளிநாட்டினரின் பட்டியலே வந்தது.

அடுத்துச் சேர்ந்தது ஃபேமிலிசர்ச். 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த இத்தளத்தை, மார்மன் திருச்சபை என்று பொதுவாக அறியப்படும் அமைப்பு நடத்துகிறது. கணக்குத் தொடங்கவும் குடும்ப மரம் அமைக்கவும் கட்டணம் கிடையாது. ஆனால் தேடுவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பதிவதற்கே இதைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் அனுபவம்.

அப்பத்தா புடவைக்குள் சுற்றி எடுத்துவந்த கணக்கு நோட்டில், பென்சிலால், “பார்த்திப வருசம் ஆனி மாசம் பொம்பளப் புள்ள” என்று ஒரு வரி இருக்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பார்த்திப ஆண்டு 1885, 1945, 2005 ஆகியவற்றில் தொடங்கும். புயலடித்த குரோதி ஆண்டு மார்கழியில் அத்தை கைக்குழந்தைக்காரி என்பதால், அவர் பிறந்தது 1945 ஜூன் அல்லது ஜூலை என்று உறுதியாயிற்று. எந்தத் தேடல் பெட்டியும் இதைச் சொல்லியிருக்காது.

பெயர்களை உள்ளிடுவதில் கவனம் தேவை. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை; அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதினால் ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு குடும்பம் போலத் தோன்றும். அதைக் காலியாக விட்டுவிடலாம். இறந்தவர்களின் பக்கத்தை உலகில் எந்த உறுப்பினரும் திருத்த முடியும் என்பதால், தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் உடனுக்குடன் குறித்துவைப்பது அவசியம். உயிருடன் இருப்பவர்களின் விவரம் பொதுப்பார்வைக்கு வராது.

எனக்கு மிகவும் பிடித்தது, புகைப்படத்தோடு குரலையும் ஒருவர் பெயரில் சேர்க்கும் வசதி. தலைமன்னார் கப்பலில் ஏறப்போன தாத்தாவைத் துறைமுகம் வரை சென்று வழியனுப்பிய கதையை, அதே பார்த்திப ஆனியில் பிறந்த அத்தை பதினொரு நிமிடம் சொல்லியிருக்கிறார். அது இப்போது தாத்தாவின் பக்கத்தில் இருக்கிறது.